சத்தம் நின்ற ஞாயிற்றுக்கிழமை

அபிதகுசாம்பாள் நாற்பது வயதில் பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கப் போகிறாள் என்று தெரிந்தபோது ஆரணியில் அவள் குடியிருக்கும் தறித்தெருவில் யாரும் மயங்கி விழவில்லை. அவள் எதையும் செய்யக்கூடியவள் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். கல்யாணமாகி வந்த புதிதிலேயே குழாயடியில் வரிசைமுறையைக் கொண்டுவந்து, வார்டு கவுன்சிலர் வீட்டம்மாவையும் குடத்தோடு வரிசையில் நிற்கவைத்தவள். ஆகவே தெருவின் சந்தேகமெல்லாம் வேறு. அந்தப் படிப்பைப் படித்தால் ஆள் என்னவாக ஆகலாம்? டாக்டரா, வக்கீலா, டீச்சரா? அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், "குப்பை சம்பந்தமா ஏதோ படிக்குது" என்று முடிவுகட்டிவிட்டு ஜனங்கள் அவரவர் தறிக்குப் போய்விட்டார்கள்.

குப்பை சம்பந்தம் என்பதும் முழுப் பொய்யில்லை. ஒருநாள் தெருமுனையில் விழிப்புணர்வுக் கூட்டம் போட்டார்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு வாளிகளைத் தூக்கிக் காட்டி ஓர் அதிகாரிப் பெண், பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். அபிதகுசாம்பாள் எழுந்து, "ஜரிகை சுத்தின பட்டு நூலு மக்குமா, மக்காதாம்மா? எங்க வூட்டுக் குப்பையில பாதி அதுதான்" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அந்தப் பெண் "அதெல்லாம் படிச்சாத்தாம்மா புரியும்" என்று சொல்லிவிட்டு வாழைப்பழத்தோலுக்குத் திரும்பிவிட்டாள்.

அவ்வளவுதான். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலில் பள்ளிக்கே முதலாக வந்தவள், அடுத்த வருடமே தாலி கட்டிக்கொண்டு தறி வீட்டுக்கு வந்தவள், அன்றைக்குப் பாத்திரங்களை வைத்த வைப்பில் சமையலறைச் சுவரே அதிர்ந்தது. அந்த வாரமே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேருவது எப்படி என்று விசாரித்துவிட்டாள்.

வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டுமே. அதற்கு அவள் மூன்று நாள் ஒத்திகை பார்த்தாள். பச்சையப்பனுக்கு வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் நாலு பவர்லூம். அவை ஓடும்போது எமனே வந்து கூப்பிட்டாலும் காதில் விழாது. அதனால் கரண்ட் போன ஒரு பிற்பகலாகப் பார்த்து உள்ளே போனாள். தறிகளெல்லாம் நின்றிருந்தன. அவர் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். அவள் வாசலில் நின்று, ஒத்திகை பார்த்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள். மகள் தேவிப்ரியா ஓசூரில் வேலைக்குப் போய்விட்டாள், வீட்டில் தனக்குப் பொழுது மிச்சமிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வேலூரில் வகுப்பு, சமையலுக்குக் குறை வராது, சின்ன வயதில் விட்டது மனசில் அரித்துக்கொண்டே இருக்கிறது, படிக்கட்டுமா?

பச்சையப்பன் நிமிர்ந்து அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தலையை ஆட்டினார். திரும்பவும் இழையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அபிதகுசாம்பாளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் சந்தோஷத்துக்கு அடியில் ஒரு முள்ளும் இருந்தது. என்ன படிப்பு, எத்தனை வருஷம், பஸ்ஸில் யாரோடு போவாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. வீட்டுப் பூனை வெளியே போனால்கூட எங்கே என்று பார்க்கிற மனுஷன்!

பச்சையப்பன் தங்கமான ஆள். தெருவே இதைச் சொல்லும். ஆளுங்கட்சிக்காரர் வந்து பேசினாலும் தலையாட்டுவார், எதிர்க்கட்சிக்காரர் வந்து பேசினாலும் அதே அளவுக்கு ஆட்டுவார். யாரிடமும் வம்பு இல்லை, எதிர்வார்த்தை இல்லை. ஆனால் தங்கமான ஆளோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு பேஜார் என்று கட்டிக்கொண்டவளைத்தான் கேட்க வேண்டும். அவர் திரும்பி உட்கார்ந்திருக்கும்போது முதுகுப்பக்கம் நின்று அவள் என்ன சொன்னாலும் அந்த முதுகு அசையாது. "மூணு விசில் வந்ததும் அடுப்ப அணைச்சிடுங்க" என்று எதிரில் நின்று சொன்னால் அழகாகத் தலையாட்டுவார். அவள் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் பருப்பு கருகி, வீடே புகைந்துகொண்டிருக்கும். அவர் பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். மகள் போன் செய்தால், "நீயே பேசு" என்று அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

இதற்கெல்லாம் அபிதகுசாம்பாள் ஒரே காரணம்தான் வைத்திருந்தாள். தன் பேச்சுக்கு இந்த வீட்டில் மதிப்பு இல்லை. அவர் கோபக்காரராக இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள். முதுகோடு எப்படிச் சண்டை போடுவது? படித்துப் பட்டம் வாங்கிவிட்டால் அந்த முதுகு ஒருநாள் திரும்பும் என்று அவளுக்கு ஓர் எண்ணம். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

படிப்பு நன்றாகத்தான் போயிற்று. ஞாயிறு விடிந்தால் வேலூர் பஸ். வகுப்பில் களம்பூர் ரைஸ் மில் மேஸ்திரி ஒருவர், போளூர் பக்கத்து வனக்காவலர் ஒருவர், பெஞ்சில் தலை சாய்த்ததும் தூங்கிவிடும் போலீஸ்காரர் ஒருவர். எல்லாரும் அவளுக்கு அண்ணன் தம்பிகள். ஓசோன் படலத்தையும் உணவு வலையையும் அவள் பருப்பு கடைந்துகொண்டே மனப்பாடம் செய்தாள். ஏரியில் கழிவுநீர் கலந்தால் மீனுக்கு ஏன் மூச்சு முட்டுகிறது என்று படித்த அன்றைக்கு, வீட்டுக்கு வந்த மீன்காரம்மாவை உட்காரவைத்து முழுப் பாடத்தையும் நடத்தினாள். அந்தம்மா அடுத்த இரண்டு வாரம் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

இடையில் மாமியாருக்கு இடுப்பு முறிந்தது, மாமியார் தவறியது என்று வருடங்கள் இழுத்துக்கொண்டு போய்விட்டன. தேர்வெல்லாம் பாஸ். பாக்கி இருந்தது களஆய்வு ஒன்றுதான். பதிவு செய்த காலக்கெடுவோ அந்த ஜூனோடு முடிகிறது. களஆய்வை முடித்துக் கையெழுத்து வாங்காவிட்டால் படித்த அத்தனையும் தண்ணீரில் போட்ட உப்புதான், முதல் வருடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

எல்லாரும் ஏரி, குளம் என்று எடுத்துக்கொண்டபோது அபிதகுசாம்பாள் ஒலி மாசு எடுத்தாள். வீட்டு வாசலில் கொட்டிக் கிடக்கிற சரக்கை விட்டுவிட்டு எதற்குக் குளத்தைத் தேடிப் போக வேண்டும்? குடியிருப்புப் பகுதியில் பகலில் ஐம்பத்தைந்து டெசிபல்தான் இருக்கலாம் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அவள் படிப்பு மையத்திலிருந்து சத்தம் அளக்கும் ஒரு மீட்டரை வாங்கி வந்து, தெருவில் வீடுவீடாக நின்று அளந்தாள். ஷெட்டு வாசலில் தொண்ணூறைத் தாண்டிற்று. அந்த மீட்டரின் தலையில் கறுப்பாக ஒரு பஞ்சு உருண்டை இருந்ததால், எதிர்வீட்டு குமரேசன் அதை மைக் என்று நினைத்து ஒருநாள் பேட்டியே கொடுத்துவிட்டான்.

கடைசியாக ஒரே ஒரு வேலை. வழிகாட்டி கற்பகம் மேடம் நேரில் வந்து, தன் கண் எதிரில் அளக்கச் சொல்லி, பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாகச் சொன்னார். அன்று மத்தியானம் வெம்பாக்கத்தில் இன்னொரு மாணவர், மறுநாளிலிருந்து மேடத்துக்கு வேறு ஊர்ப் பயிற்சி. விட்டால் பிடிக்க முடியாது.

அபிதகுசாம்பாள் முதலில் காலண்டரைப் பார்த்தாள். தறிக்காரர்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது, அமாவாசைதான் விடுமுறை. நல்லவேளை, அது அமாவாசை இல்லை. மாதாந்திர மின்தடை இருக்கிறதா என்று விசாரித்தாள். இல்லை. தெருவில் சாவு, கல்யாணம் ஏதும் இல்லை. எல்லாவற்றையும் பார்த்தவள் குமரேசனைப் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

அன்று காலை தெருமுனைக்குப் போய் மேடத்தை ஆட்டோவிலிருந்து இறக்கி அழைத்துக்கொண்டு திரும்பினாள். நாலு எட்டு வைத்ததும் அவளுக்கு ஏதோ மாதிரி இருந்தது. காது அடைத்துக்கொண்டதுபோல ஒரு வெறுமை. அப்புறம்தான் புரிந்தது. ஒரு தறிகூட ஓடவில்லை.

தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. ஆண்கள் வெள்ளை வேட்டியில் வரிசையாக நின்றிருந்தார்கள். பிள்ளைகள் வாயில் விரலை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காக்கை கத்தப் பார்த்தது, யாரோ கல்லை ஓங்கினார்கள். நடுவில் குமரேசன், கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவன்போலக் கைகூப்பி நின்றான்.

"ரொம்ப அமைதியான தெருவா இருக்கேம்மா" என்றார் கற்பகம். கையிலிருந்த மீட்டரைப் பார்த்தார். நாற்பத்திரண்டு. "ஆஸ்பத்திரியிலகூட இதைவிட அதிகமா இருக்கும்."

அபிதகுசாம்பாள் குமரேசனைச் சட்டையோடு பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னாத்துக்குடா எல்லாரும் நிறுத்திகினு நிக்கறீங்க?"

"நீதானக்கா சத்தத்த அளக்கப் போறேன்னே? சத்தமா இருந்தா நீ எப்டிக்கா நிம்மதியா அளப்பே? டாக்டரு நெஞ்சில வெச்சுப் பாக்கறப்போ பேசாத இருன்னு சொல்றாரில்ல, அந்த மாதிரிதான்" என்றான் குமரேசன். முகத்தில் அப்படி ஒரு பெருமை. "பரிட்சைக்கு வர்ற மேடத்துக்கு நம்ம தெருவால ஒரு இடைஞ்சலும் வரக்கூடாதுன்னு வூடு வூடா சொல்லிட்டேன். ஒரு நாள் கூலி போனா போவுதுன்னு எல்லாரும் ஒத்துக்கினாங்க. நம்ம தெருவுல மொத மொதல்ல ஒரு பொம்பள பட்டம் வாங்குது, சும்மாவா?"

அவளுக்குத் திட்ட வாய் வரவில்லை. "சரி, ஜல்தி போயி தறியப் போடச் சொல்லு. எல்லாத்தையும் போடச் சொல்லு."

"அதான் முடியாதுக்கா. யாராவது மறந்துபோயி போட்டுடப் போறாங்கன்னு லைன்மேன்கிட்ட சொல்லி டிரான்ஸ்ஃபார்மர்ல ஃபீஸ் கட்டையையே புடுங்கிட்டேன். அவரு போளூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டாரு. சாயங்காலம் வந்துடுவாரு."

லைன்மேனுக்குப் போன் போட்டார்கள். ஸ்விட்ச் ஆஃப். அபிதகுசாம்பாள் தன் வீட்டு வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். இத்தனை வருட பஸ்ஸும், இத்தனை கருகின பருப்பும், பிடுங்கின ஒரு ஃபீஸ் கட்டையில் போய்விட்டதே. கற்பகம் நல்லவர்தான், ஆனால் சட்டத்தை விட்டு இம்மி நகராதவர். "என் கண்ணால பாக்காத அளவுக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது?" என்று வருத்தத்தோடு சொன்னார். "பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. அதுவரைக்கும் பாப்போம்."

மேடத்துக்கு வீட்டுக்குள் நாற்காலி போட்டார்கள். காரியம் கெட்டுப்போனது தெரிந்ததும் தெரு மொத்தமும் வீட்டுக்குள் வந்துவிட்டது. இனி சும்மா இருந்து என்ன ஆகப்போகிறது என்று எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். லைன்மேனைத் திட்டினார்கள், குமரேசனைத் திட்டினார்கள், மேடத்தின் சொந்த ஊரை விசாரித்தார்கள். கற்பகம் நாற்காலியில் பின்னால் பின்னால் சாய்ந்துகொண்டே போனார். குமரேசன் ஒரு முழம் தள்ளி நின்று, "காப்பிக்குச் சக்கரை போதுங்களா மேடம்?" என்று கேட்ட சத்தத்தில் அவர் கையில் டம்ளர் ஆடிக் கொஞ்சம் சிந்திவிட்டது.

"ஏம்மா, இங்க யாரும் மெதுவா பேச மாட்டாங்களா?" என்று அபிதகுசாம்பாள் காதோரம் கேட்டார்.

அவள் வெட்கத்தோடு நிமிர்ந்தபோது, மேஜைமேல் யாரும் அணைக்காமல் விட்டிருந்த மீட்டர் கண்ணில் பட்டது. எண்பத்தொன்று. தறி ஒன்றும் ஓடவில்லை. கரண்டே இல்லை. எண்பத்தொன்று!

அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. மேடம் திரும்பினார். பிள்ளைகள் திரும்பினார்கள். பெண்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பினார்கள். குமரேசன் திரும்பவில்லை, அவனோடு நின்ற பவர்லூம்காரர்கள் ஒருவரும் திரும்பவில்லை. சமையலறைக் கதவுக்கு ஒரே எட்டு தள்ளி, அதற்கு முதுகைக் காட்டி, பச்சையப்பன் உட்கார்ந்திருந்தார். மேடத்தைப் பார்த்துச் சிரித்த முகமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது விசில் வந்தது. மூன்றாவதும் வந்தது. தலை ஆடுவது நிற்கவில்லை.

அபிதகுசாம்பாள் எழுந்து அவர் பின்னால் போய் நின்றாள். எப்போதும் சொல்கிற குரலில், "ஏங்க, அடுப்ப அணைங்க" என்றாள். அசைவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னாள். அசைவில்லை. மேடம் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் பார்வை போகும் திசையில்தான் பச்சையப்பன் திரும்பிப் பார்த்தார். பார்த்ததும் வழக்கம்போலத் தலையை ஆட்டினார்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரம் துலக்கும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். மூன்றாம் வருடப் புத்தகம், ஒலி மாசுப் பாடம். தினம் எட்டு மணி நேரம், வருடக்கணக்கில். கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். காது போகிறவருக்கே அது தெரியாது, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகிவிடுவார். இதையெல்லாம் அவள் பத்து மதிப்பெண் கேள்விக்கு எழுதி எட்டு வாங்கியிருக்கிறாள். எழுதும்போது ஒரு தடவைகூட வீட்டுக்காரர் ஞாபகம் வரவில்லை. அவரைப் பற்றி அவளுக்குத்தான் வேறு பாடம் மனப்பாடமாக இருந்ததே.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். "மேடம், பஸ்ஸுக்கு எத்தினி நேரம் இருக்குது?"

அடுத்த ஒரு மணி நேரம் அந்த வீடு திருவிழாக் கூட்டமாக இருந்தது. அபிதகுசாம்பாள் ஆண்களை ஒவ்வொருவராக நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்காரவைத்தாள். பின்னால் நின்று, மீட்டரைப் பிடித்துக்கொண்டு, சாதாரணமாகப் பேசுகிற குரலில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கைத்தறிக்காரர்கள் உடனே திரும்பினார்கள். பவர்லூம்காரர்கள் பாதிப்பேர் சுவரைப் பார்த்தபடியே இருந்தார்கள். குமரேசன் இதை ஏதோ விளையாட்டு என்று நினைத்து, கடைசிவரை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து, "நான்தான் ஜெயிச்சேனா?" என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் பெண்சாதி மட்டும் சிரிக்கவில்லை.

கற்பகம் ஒவ்வோர் அளவையும் தாமே பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தறி ஓடினதை நான் பாக்கலைம்மா. ஆனா தறி என்ன பண்ணியிருக்குன்னு பாத்துட்டேன். ஒரு மாசமா நீ எடுத்த அளவோட இதையும் சேர்த்து எழுது" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார். "இவங்களையெல்லாம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகிட்டுப் போறது உன் பொறுப்பு. அது பரிட்சைக்கு இல்ல."

கையெழுத்து விழுந்தது. தெரு கைதட்டியது. மீட்டர் தொண்ணூற்றைந்தைத் தொட்டது.

மேடத்தைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது வீடு காலியாக இருந்தது. பச்சையப்பன் ஷெட்டில் இருந்தார், கரண்ட் இல்லாத தறியில் இழையை முடிந்துகொண்டு. அவள் வழக்கம்போல வாசலில் நிற்கவில்லை. தறியைச் சுற்றிக்கொண்டு போய், அவருக்கு எதிரில் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எத்தினி நாளா இப்டி?"

 "தெரில. எல்லாருக்கும் இப்டித்தான்னு இருந்தேன்."

"தேவி போன் பண்ணா என் கையில குடுக்கறது?"

"போன்ல அது மூஞ்சி தெரியாதே" என்றார். பிறகு கையிலிருந்த இழையைப் பார்த்துக்கொண்டு, "அது பேசறது கேட்டு ரொம்ப நாளாவுது" என்றார்.

அபிதகுசாம்பாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எவ்வளவு சண்டை போட்டிருக்கிறாள் அந்த முதுகோடு, மனசுக்குள். அவர் ஒன்றையும் கேட்டிருக்கவில்லை, நல்லதையும் கேட்டிருக்கவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் நிமிர்கிறவரை காத்திருந்து கேட்டாள்.

"அன்னிக்கு இதே எடத்துல வந்து நின்னு பேசினேனே. நீங்க தலையாட்டினீங்களே. நான் இன்னா சொன்னேன்னு தெரியுமா?"

பச்சையப்பன் மாட்டிக்கொண்ட பையனைப்போல விழித்தார். "வெளிச்சத்துக்கு முதுகு காட்டி வாசல்ல நின்னே. ஒதடு சரியாத் தெரில. புஸ்தகமெல்லாம் தபால்ல வந்தப்பதான் படிக்கப் போறேன்னு தெரிஞ்சிது."

"அப்பறம் இன்னாத்துக்குத் தலையாட்டினீங்க?"

"உன் கண்ணு தெரிஞ்சிதே" என்றார். "கல்யாணமாகி வந்ததிலேர்ந்து எதுவும் வேணும்னு நீ என்னைப் பாத்ததில்ல. அன்னிக்குப் பாத்தே. எதுவா இருந்தா இன்னா, சரின்னுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒன்றும் தெரியாமலே சரி என்று சொன்ன ஆளை என்ன செய்வது? பெட்டியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்து, முழங்கால் முட்ட உட்கார்ந்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டாள்.

"இப்பப் பாத்துக் கேளுங்க. நான் மேல படிக்கணும்னு ஆசப்படறேன். படிக்கட்டுமா?"

பட்டமே கைக்கு வரப்போகிற நேரத்தில் இது என்ன கேள்வி என்று அவர் சொல்லவில்லை. இழையைக் கீழே வைத்தார். அவள் உதட்டையே பார்த்தார்.

"இன்னா படிப்பு?" என்றார்.

அவள் சொன்னாள்.

"எத்தினி வருசம்?"

சொன்னாள்.

"வேலூருக்கா? அவ்ளோ தூரம் பஸ்ல யாரு கூடப் போவே?"

அபிதகுசாம்பாள் ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். லைன்மேன் அதற்குள் வந்து கரண்ட்டைக் கொடுத்துவிடக் கூடாதே என்று இருந்தது அவளுக்கு.